உளியும் தறையாணியும்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். உரைக்குப் பின் வினா எழுப்ப விரும்புவோர் சற்று உரக்கக் கேட்க வேண்டும். 37 ஆண்டுகள் தறையாணி அடித்த காதுகள் இவை. இடக்காதில் ஓயாமல் ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது. மழைக்கால இரவில் கல்வராயன் மலையில் கேட்குமே, அதே ஒலிதான். மலையில் விடிந்தால் நின்றுவிடும். இது நிற்பதில்லை.

கவிஞர்களும் தமிழாசிரியர்களும் பேசிய இம்மேடையில் ஒரு தொழிலாளியைப் பேச அழைத்திருக்கிறீர்கள். "விமானம் செய்யும் இடத்தில் வேலை செய்தீர்களே, அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், போதும்" என்றார் செயலாளர். அதைத்தான் சொல்லப் போகிறேன். பெங்களூரில் நான் பணிபுரிந்த ஆலையின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் வரும். இப்போது அங்கே உழைப்பவர்களுக்கு என்னால் ஒரு சங்கடம் நேர வேண்டாம்.

என் தந்தையார் சின்னசேலத்துப் பக்கம் மரச்சிற்ப வேலை செய்தவர். வாகையிலும் பூவரசிலும் தேக்கிலும் சாமி உருவங்கள், வாகனங்கள், நிலைக்கதவுகள் செய்வார். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதைக் காண அவர் இல்லை. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து 1985இல் பெங்களூருக்குப் புறப்பட்டேன். அப்போது நம்மூர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் ஊர் திரும்புவதற்குள் அது விழுப்புரம் மாவட்டமாகி, 2019இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. வழியனுப்ப வந்த தந்தையார் சொன்னது ஒன்றுதான்: "மரத்தை விட்டுட்டுத் தகரத்துக்குப் போற. பாத்துக்க."

முதல் நாள் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தேன். கன்னடக்காரரான பயிற்றுநர் என்னைக் கண்டதும் நேரே வந்து என் காதிடுக்கில் இருந்த பென்சிலை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மரவேலை செய்பவன் வீட்டுப் பிள்ளைக்குக் காதில் பென்சில் இருப்பது உடம்பில் ஓர் உறுப்பு இருப்பது போல. எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகுதான் விளக்கினார். பென்சிலில் இருப்பது கரி. அலுமினியத் தகட்டின் மேல் கரிக்கோடு கிடந்து, அதன்மேல் ஈரமும் பட்டால், அந்த இடம் ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கூரிய ஊசியால் கீறிக் குறியிடவும் கூடாது. கீறல் நாளடைவில் விரிசலாகும். இதற்கென்று உள்ள மையெழுதுகோலால்தான் குறியிட வேண்டும். தந்தையார் எனக்குக் கற்பித்தவற்றுள் முதல் பாடத்தை மறப்பதே அங்கே முதல் பாடமாயிற்று.

விமானம் என்றவுடன் எல்லாருக்கும் எஞ்சின் நினைவு வரும், விமானி நினைவு வருவார். எங்களுக்கு நினைவு வருவது துளை. துளையிடுவது, பிசிறு நீக்குவது, தறையாணி அடிப்பது, மறுபடி துளையிடுவது. போயிங் 747 விமானத்தில் 60 லட்சம் பாகங்கள் என்றும், அவற்றுள் பாதி ஆணிகளும் திருகுகளும் போன்ற இணைப்பான்கள் என்றும் அதைச் செய்த நிறுவனமே கூறியிருக்கிறது. எங்கள் ஆலை அவ்வளவு பெரிய விமானம் எதையும் முழுதாகச் செய்ததில்லை. இறக்கைக்கும் உடலுக்கும் வேண்டிய சட்டகங்களைச் செய்து அனுப்பினோம். ஆனால் தொழிலின் தன்மை அந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

'ரிவெட்' என்றே நாங்கள் சொல்லிவந்தோம். 'தறையாணி' என்று தமிழில் ஒரு சொல் உண்டு என்பதை இந்த வட்டத்துக்கு வந்த பிறகு நம் தமிழாசிரியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டில் போய்ச் சொன்னேன். "மாட்டுவண்டிப் பட்டறையில எப்பவும் சொல்றதுதானே" என்றார் என் தாயார். 37 ஆண்டுகள் அடித்த ஆணியின் பெயர் என் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்திருக்கிறது.

அந்த ஆணிகளில் ஒரு வகை குளிர்பெட்டியில் இருக்கும். செம்பு கலந்த அலுமினியக் கலவையால் ஆனது அது. உலையில் சுட்டு, நீரில் திடீரெனக் குளிர்வித்தால், சிறிது நேரம் மெழுகு போல் இளகி இருக்கும். பிறகு தானாகவே இறுகத் தொடங்கும். இந்த இயல்பை ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் 1906இல் கண்டார். குளிர்வித்து வைத்த உலோகம், யாரும் தொடாமலே, ஓரிரு நாளில் முன்னிலும் கடினமாகி இருந்ததாம். உறைநிலைக்கும் கீழான குளிரில் வைத்தால் அந்த இறுகல் தாமதப்படும். அதனால் ஆணிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்து வருவோம். எடுத்தால் இருபது நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் ஆணியின் தலை வெடிக்கும். தேநீர் மணி அடித்தாலும் கையில் உள்ளதை முடித்துவிட்டுத்தான் நகர்வோம். பச்சை மரத்தில் செதுக்குவது எளிது, காய்ந்தால் உளி எகிறும் என்று தந்தையார் சொல்வார். தகரம் என்று அவர் சொன்னதற்கும் ஒரு பச்சைப் பருவம் இருந்தது.

தறையாணி அடிக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் ஆணியின் வாலில் ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். அடியின் அதிர்வில் வால் நசுங்கி மறுதலையாக விரியும். அது ஆணியின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி மடங்கு உயரமும் இருந்தால் சரி. நடுவே தகடு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேசினாலும் கேட்காது. தட்டல்தான் மொழி. உள்ளிருப்பவர் கட்டையால் ஒருமுறை தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு தட்டினால் சரி, அடுத்ததற்குப் போ. மூன்று தட்டினால் கெட்டுவிட்டது, பிடுங்கு. எனக்கு உள்ளிருந்து கட்டை பிடித்தவர் வடாற்காட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றே அழைப்பேன். கையின் அழுத்தத்தை எப்படி வைப்பது என்று எனக்குக் கற்பித்தவர் அவர்தான். அவரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தந்தையார் ஒருமுறை, "ஏன், மரத்துல விமானம் பண்ண முடியாதா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். முடியும் என்பதை ஆலையின் பெரியவர் ஒருவர் வழியே அறிந்து சொன்னேன். வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து 1940 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கியதுதான் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. 1950களில் ஆங்கிலேய நிறுவனமான டி ஹாவிலண்டின் உரிமம் பெற்று அவர்கள் அங்கே 'வாம்பயர்' என்னும் ஜெட் விமானத்தைச் செய்தார்கள். அதன் வால் பகுதியும் இறக்கையும் உலோகம். ஆனால் விமானி அமரும் முன்னுடல், ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டி வார்த்தது. ஜெட் எஞ்சினும் மரமும் ஒரே விமானத்தில்! தந்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "என்ன வச்சிரம் போட்டு ஒட்டுனாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

ஆலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த முத்திரை ஒன்று உண்டு. ஒரு வேலையை முடித்தால் அதன் தாளில் அந்த முத்திரையைக் குத்த வேண்டும். இந்தத் துளையை இன்னான் இட்டான், இந்த நாளில் இட்டான், விதிப்படி இட்டான் என்பதற்கு அதுவே சாட்சி. தந்தையார் செய்த எந்தச் சிற்பத்திலும் அவர் பெயர் இல்லை. நான் இட்ட ஒவ்வோர் ஆணிக்கும் என் எண் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1985ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஜப்பானில் ஒரு 747 விமானம் மலையில் மோதி 520 பேர் மாண்டனர். உயிர் பிழைத்தவர் நால்வர். அதன் விசாரணை அறிக்கை 1987இல் வெளிவந்தபோது எங்கள் பயிற்றுநர் அதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். அந்த விமானம் 1978இல் தரையிறங்கும்போது வாலை உரசியது. பின்புற அழுத்தச் சுவரைப் பழுது பார்த்தவர்கள், ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்துவிட்டார்கள். அதனால் இரண்டு வரிசைத் தறையாணிகள் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு பகுதியில் ஒரே வரிசை தாங்கியது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஏழு ஆண்டுகள் பறந்தது. பிறகு அந்த வரிசையில் விரிசல் ஓடிச் சுவர் பிளந்தது.

இதைக் கேட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த டிசம்பர் மாதக் கடைசியில் நான் ஒரு சட்டகத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தேன். விளிம்பிலிருந்து துளையின் மையம் குறைந்தது ஆணியின் விட்டத்தைப்போல இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. நான்கு மில்லிமீட்டர் ஆணிக்கு எட்டு மில்லிமீட்டர். என் கை வழுக்கியது. அளந்தேன், ஏழுக்கும் குறைவு. அண்ணனிடம் காட்டினேன். "மாசக் கடைசி. இதைச் சொன்னா மொத்தமும் நிக்கும். ஒரு மில்லிமீட்டருக்காக யாரும் சாகப் போறதில்ல. முத்திரையக் குத்து" என்றார். குத்தினேன். ஆணி அடித்த பிறகு மற்ற ஆணிகளுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். தந்தையார் ஒரு குதிரை வாகனத்தின் கழுத்தில் கண்ட வெடிப்பை மரத்தூளையும் வச்சிரத்தையும் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத் தொழிலில் அது குற்றம் அன்று, திறமை. மரம் என்றால் வெடிக்கும். வெடித்தது தெரியாமல் செய்பவனே கைகாரன். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். கையை நிறுத்தாமல், "இந்தக் குதிரை எங்கடா போவப்போவுது? வருசத்துல ஒரு நாளு ஆளுங்க தூக்கிட்டுப் போயி கொண்டாந்து வச்சிருவாங்க. உன்னுது பறக்குமே" என்றார்.

திரும்பிப் போய் ஆய்வாளரிடம் சொன்னேன். சட்டகம் இன்னும் கிடங்கில்தான் இருந்தது. சிவப்புச் சீட்டு கட்டித் தனியே வைத்தார்கள். வடிவமைப்புப் பொறியாளர்கள் கணக்கிட்டுப் பார்த்து மூன்று வாரத்தில் விடை அனுப்பினார்கள்: அந்த இடத்தில் பாரம் குறைவு, அப்படியே பயன்படுத்தலாம். ஆக, அண்ணன் சொன்னது சரி. ஒரு மில்லிமீட்டருக்காக யாரும் சாகப் போவதில்லை. ஆனால் அதை அறியும் வழி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. துளைக்காக அன்று, முத்திரைக்காக. ஓராண்டு ஊதிய உயர்வும் நின்றது. அது முறைதான் என்பதே இன்றும் என் கருத்து.

அண்ணன் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் என்னோடு கட்டை பிடித்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியுமே. அதன்பின் நான்கு ஆண்டுகள் அவரும் நானும் அதே இடத்தில் இணைந்து வேலை செய்தோம். ஒரு சொல் பேசவில்லை. தகட்டுக்கு அப்பாலிருந்து தட்டல் மட்டும் வரும்; ஒன்று, இரண்டு, மூன்று. அந்தத் தட்டலில் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கெட்ட ஆணிக்கு ஒருபோதும் இரண்டு தட்டியதில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் வரிசையாக எல்லாருக்கும் கை கொடுத்து வந்தார். என் முறை வந்தபோது மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் தீயவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. மூன்று பெண் பிள்ளைகளின் தந்தை. மாதக் கடைசி ஊக்கத்தொகையை நம்பிக் குடும்பம் நடத்தியவர்.

என் கதையாவது ஓர் ஊதிய உயர்வோடு முடிந்தது. 2014இல் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நம் கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் எங்கள் பிரிவுக்கு வந்தான். மலையாளிப் பழங்குடிக் குடும்பம். சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்கள். ஐ.டி.ஐ. முடித்தவன். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த தற்காலிகத் தொழிலாளி. அவன் பேச்சில் நம் பக்கத்து ஓசையைக் கேட்டதும் எனக்கு ஊரே எதிரில் வந்து நின்றது போலிருந்தது. சிறு வயதில் மலை உச்சியில் உட்கார்ந்து வானத்தில் விமானங்கள் இழுத்துச் செல்லும் வெள்ளைக் கோடுகளை எண்ணுவார்களாம். நாட்டுக்கு விடுதலை வந்த பின்னும் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகை நீடித்த மலை அது. அவன் பாட்டனார் அந்தக் காலத்து மனிதர். மேலிடத்துக்கு முன்னால் கைதூக்கிப் பேசும் பழக்கம் எளிதில் வளரும் சூழல் அன்று.

எங்கள் ஆலையில் கருவிகளுக்கு ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு கருவியின் வடிவமும் அதில் நிழல் போல வரைந்திருக்கும். பணி முடியும்போது எந்த நிழலும் வெறுமையாக இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் கருவி விமானத்தின் உள்ளே கிடக்கிறது என்றே பொருள். ஒருநாள் பிற்பகலில் அந்த இளைஞனின் துளைப்பூசி உடைந்தது. முனை, ஓர் அரிசி அளவு, காணவில்லை. உடைந்த ஊசியை மாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை. அவன் கையைத் தூக்கினான். வேலை நின்றது. விளக்குகளையும் காந்தங்களையும் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை தேடினோம். ஒரு மூலைப் பொந்தில், மயிரிழை போன்ற உள்நோக்குக் குழாயின் வழியே அது பளிச்சிட்டது. கட்டுப்பாட்டுக் கம்பி ஒன்று செல்ல வேண்டிய பொந்து.

மறுநாள் மேலாளர் எல்லாரையும் கூட்டி அவனைப் பாராட்டினார். அடுத்த மாதம் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆட்குறைப்பு என்றார்கள். காரணம் அதுதானா என்பதை என்னால் நிறுவ முடியாது. அவனோடு வந்த மற்றவர்கள் தொடர்ந்தார்கள் என்பது மட்டும் தெரியும். நான் அதிகாரியிடம் போய் ஒருமுறை சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். இரண்டாம் முறை நான் போகவில்லை. எனக்கு ஓய்வுக்கு எட்டு ஆண்டுகள் இருந்தன. மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். 1987இல் அண்ணன் என்ன கணக்குப் போட்டாரோ, அதே கணக்கைத்தான் நானும் போட்டேன்.

இந்தத் தொழில் முழுவதும் ஒரே ஒன்றை நம்பி நிற்கிறது: தவறு செய்தவன் தானே வந்து சொல்வான் என்பதை. ஆய்வாளர் எல்லாத் துளையையும் பார்க்க முடியாது. ஆணி அடித்தபின் துளை மறைந்துவிடுகிறது. இதை எல்லா ஆலைகளிலும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சொல்வதற்கு நிரந்தரத் தொழிலாளி கொடுக்கும் விலை வேறு, தற்காலிகத் தொழிலாளி கொடுக்கும் விலை வேறு. அது எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. 2018இல் மைய அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து இடங்கள் உள்ளன. சேலம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணம். நம் பிள்ளைகள் போவார்கள், போக வேண்டும். நல்ல தொழில் அது. எந்த முறையில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். சம்பளத்தைக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

அந்த இளைஞனைச் சென்ற ஆண்டு மலைக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறான். "வாங்கண்ணா" என்று பழைய முகத்தோடு வரவேற்றான். ஆலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பட்டறைச் சுவரில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் வெள்ளைச் சாயத்தில் நிழல் வரைந்து வைத்திருக்கிறான்.

நீங்கள் விமானத்தில் போயிருக்கிறீர்களா என்று கல்யாண வீடுகளில் எல்லாரும் கேட்பார்கள். 31 ஆண்டுகள் வேலை செய்த பிறகு, 2016இல்தான், பெங்களூரிலிருந்து டில்லிக்கு முதன்முறையாகப் போனேன். சன்னலோரம் இறக்கைக்கு மேல் இடம் கிடைத்தது. மேகத்தைப் பார்க்கவில்லை. தறையாணி வரிசைகளையே பார்த்துக்கொண்டு போனேன். என் உதடுகள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கின்றன. பக்கத்திலிருந்த அம்மையார், நான் மந்திரம் சொல்வதாக நினைத்து, இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த மேசைமேல் ஐந்து பொருள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, 1985இல் நான் பயிற்சியில் ஆணியடித்த தகடு. முதல் வரிசையில் ஏழு ஆணிகள் கெட்டிருக்கின்றன, பாருங்கள். மற்ற நான்கும் தந்தையாரின் உளிகள். கையில் வாங்கிப் பார்க்கலாம், பின்வரிசைக்கும் அனுப்பலாம். உளிகள் கூராக இருக்கின்றன, பிள்ளைகள் கவனம். ஐந்தும் மேசைக்குத் திரும்பி வந்த பிறகுதான் கூட்டம் கலைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் நான் தேடத் தொடங்கிவிடுவேன், பதினொரு மணி ஆனாலும் விட மாட்டேன்.